இரண்டாவது கம்பி

இந்த ஆண்டுப் பழைய மாணவியர் கூட்டத்துக்குக் கறி பேசி வரும்படி பள்ளிக் காவல்காரரை மேலப்பாளையத்துக்கு அனுப்பியிருந்தோம். விஷக் காய்ச்சலால் பூட்டிக் கிடந்த பள்ளி அப்போதுதான் திறந்திருந்தது. போன வேகத்திலேயே அவர் திரும்பி வந்துவிட்டார். வகுப்புக்குள் வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

“மைதீன் அண்ணாச்சி வீட்டுல இந்த வருசம் கம்பி போட மாட்டாகளாம், டீச்சர். அவுக தங்கச்சி மௌத்தாயிட்டாகளாம். காய்ச்சல்லதான். அடக்கம் பண்ணியே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சாம். வேற யாருகிட்டயாவது சொல்லட்டுமா?”

வேறு யாரிடம் சொல்வது என்று நான் யோசிப்பதாக நினைத்து அவர் காத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பலகையாக வாங்கித் திருத்தினேன். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அண்ணாச்சியின் தங்கை பெயர் செய்தூன் பீவி. நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அண்ணனைக் காக்கா என்பார்கள். நம் பள்ளியின் இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலர் அவர் திட்டமிட்ட விருந்தை உண்டிருக்கிறீர்கள். உங்களில் ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. அவரும் தாம் திட்டமிட்ட ஒரு விருந்தைக்கூடப் பார்த்ததில்லை.

அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். வாலிபத்தில் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவருக்குச் சமையல்காரராக, அரபு பேசும் ஷாம் நாடு வரை போய் வந்தவர். நெஞ்சுயர இரும்புக் கம்பியை நட்டு, தயிரிலும் மிளகிலும் பட்டையிலும் ஊறிய ஆட்டுக்கறித் துண்டுகளை, இடையிடையே கொழுப்பு வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தி அடுக்குவார். பக்கத்தில் உடைமரக் கரி கனலும். கம்பியைத் திருப்பத் திருப்ப வெளிப்புறம் வெந்து வரும். வெந்ததை மட்டும் நீளக் கத்தியால் சீவி, கோதுமை ரொட்டியில் சுருட்டி, வாழைச்சருகில் பொதிந்து கையில் கொடுப்பார். அந்த நாட்டில் அதற்குச் சவர்மா என்று பெயராம். நம் ஊரில் அந்தப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. கம்பிக்கறி என்றே ஆகிவிட்டது.

அண்ணாச்சி அறுக்கும் ஆடுகளின் தோலை வாங்கிப் பதனிடுகிறவர் என் அப்பா. அந்தப் பழக்கத்தை வைத்துத்தான், நான் பி.ஏ. தேறி இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, நம் சபையின் அறுவடைக்கால அறுப்புப் பண்டிகைக் கூட்டத்துக்குக் கறி பேச என்னை அனுப்பினார்கள். பாளையங்கால் வாய்க்கால் கரையோரமாக நடந்து போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அண்ணாச்சி முற்றத்தில் என்னை உட்கார வைத்து, எத்தனை பேர் என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“காக்கா, அந்த டீச்சரம்மா பேசுதாகளா, மூச்சு விடுதாகளா? எனக்கு ஒண்ணும் கேக்கல. உள்ள அனுப்புங்க.”

உள்ளே போனேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஒடுங்கிய முகம், பெரிய கைகள். கணவர் கொழும்புக்குக் கப்பலேறியவர். அடுத்த பெருநாளுக்கு வருகிறேன் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அன்று லாத்தா கேட்டதெல்லாம் கூட்டத்தைப் பற்றித்தான்.

“பல்லு இல்லாதவுக எத்தன பேரு வாராக?”

அதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

“அவுகளுக்குக் கறியத் தனியாப் பொடியாக் கொத்தணும்லா. சரி, காத்து எந்தப் பக்கம்? பள்ளிக்கூடத்துக்கு மேற்க செவரு உண்டா, வெட்ட வெளியா?”

“வேலிதான்.”

“அப்ப ஒரு தட்டி கட்டணும். உங்க குருவானவரு ஜெபம் சுருக்கமா பண்ணுவாகளா, நீட்டுவாகளா?”

நான் தயங்கினேன்.

“சும்மா சொல்லுங்க. அவுகளா வந்து கேக்கப் போறாக?”

“நீட்டுவாக.”

“காக்கா! கரிய பிந்தி மூட்டுங்க. போன தடவ கல்யாண வீட்டுல ஓதி முடிக்குறதுக்குள்ள கறி காஞ்சு செருப்பாப் போச்சு.”

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முற்றத்திலிருந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

அந்தக் கூட்டம் முடிந்த மறுவாரம், ரொட்டி வந்த கூடைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். லாத்தா என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. எங்க காக்காகிட்ட கேட்டா, எல்லாரும் தின்னாக, நல்லாருக்குன்னாக, அவ்வளவுதான் பேச்சு. தின்னாகன்னா எப்படித் தின்னாக? யாரு மொதல்ல கை நீட்டுனா? யாரு யாருக்குப் பக்கத்துல நின்னா?”

கூட்டங்களில் நான் ஓரமாக நிற்பவள். யாராவது பேச்சுக் கொடுத்தால், நான் பதில் தேடி எடுப்பதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். பட்டப்படிப்பு அதைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். பள்ளியில் உடன் வேலை பார்ப்பவர்கள் அன்பாகவே இருந்தார்கள். ஆனால் ஒருவரும் தம் வீட்டுக்குள் என்னைக் கூப்பிட்டதில்லை. அப்படி ஓரமாக நின்று நான் பார்த்து வைத்ததையெல்லாம் கேட்க உலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. தாசில் குமாஸ்தாவின் மனைவி இரண்டாவது பொதியை முந்தானைக்குள் மறைத்ததைச் சொன்னேன். ஒரு சின்னப் பெண் ரொட்டியைத் தின்றுவிட்டுக் கறியை உள்ளங்கையில் கடைசிவரை வைத்திருந்ததைச் சொன்னேன். லாத்தா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு அண்ணாச்சி கம்பி போடும் எந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்தாலும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

மறு ஆண்டு பட்டமளிப்பு விழாவுக்குப் போய் நான் பட்டம் வாங்கி வந்ததும், பள்ளியில் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. என் அப்பாவையும் எங்கள் தெருக்காரர்களையும் அழைத்தார்கள். நம் விருந்துகளில் எங்கள் ஆட்கள் எந்தப் பந்தியில் உட்காருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை. என் மகளுக்கான கூட்டம் என்று அப்பா புது வேட்டி எடுத்திருந்தார். அந்த வேட்டியோடு அவர் கடைசிப் பந்திக்குக் காத்து நிற்பதை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதே அந்த நாட்களில் எனக்கு ஓயாத நினைப்பாக இருந்தது. கம்பிக்கறி என்று முடிவானபோது மூச்சு வந்தது. கம்பிக்கறிக்கு இலை கிடையாது. இலை இல்லையென்றால் பந்தியும் கிடையாது.

ஆனால் சபைப் பெரியவர் ஒருவர் என்னை அழைத்தார். குரலில் கடுமை ஏதும் இல்லை.

“உங்களுக்கு அந்த வீடு பழக்கந்தானே, டீச்சர். ரெண்டு கம்பி போடச் சொல்லிருங்க. கெழக்க ஒண்ணு, மேற்க ஒண்ணு. உங்க ஆளுகளும் வாராகல்லா, அவுகளுக்கும் நெருக்கடி இல்லாம கெடைக்கணும்லா.”

“சரி அய்யா” என்றேன்.

லாத்தா மாவு பிசைந்துகொண்டிருந்தார். பெரியவர் சொன்னதைச் சொன்னேன். பிசைந்த கை நின்றது.

“ரெண்டு கம்பியா? உங்க வாப்பா எந்தக் கம்பி?”

“மேற்க.”

லாத்தா மாவைத் திருப்பிப் போட்டு ஒரு குத்து விட்டார்.

“எங்ககிட்ட ஒரு கம்பிதான் இருக்குன்னு போய்ச் சொல்லுங்க.”

அவர் முதுகுக்குப் பின்னால், கதவு மூலையில், இன்னொரு கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. துவைத்த தாவணி ஒன்று அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தது. நான் கம்பியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“கோதும மாவு இந்தத் தடவ வந்தது சரியில்ல” என்றார். “ரொட்டி சுருட்டும்போது விரியுது.”

ஒரு கம்பிதான் இருக்கிறதாம் என்று பெரியவரிடம் போய்ச் சொன்னேன். வேறு வழியில்லை என்று விட்டுவிட்டார்.

கூட்டத்தன்று நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். கவனித்தீர்களா என்று தெரியாது. ஜெபம் நீளமாகத்தான் நடந்தது, கறி காயவில்லை. அண்ணாச்சி கத்தியை எடுத்ததும் பெரியவர் முன்னே வந்தார்.

“செத்த பொறுங்க அய்யா” என்றார் அண்ணாச்சி. “மொதச் சீவல் பொண்ணப் பெத்தவருக்கு. எங்க வீட்டு வழக்கம். எங்கவே தாவீது? அங்கன வேப்பமரத்துக்குப் பின்னால என்ன செய்யுதீரு? இங்கன வாரும்.”

அப்படி ஒரு வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அது லாத்தா சொல்லி அனுப்பியது.

அப்பா வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பொதியை வாங்கினார். வெந்த புறம் முழுக்கச் சீவியாகிவிட்டது. இனிக் கம்பியைத் திருப்பி, அடுத்த புறம் வேகும் வரை காத்திருக்க வேண்டும். பெரியவர் காத்திருந்தார். பக்கத்தில், தின்னலாமா கூடாதா என்று தெரியாமல், என் அப்பா நின்றார். கறி வேகிற வாசனையில் கூட்டம் மொத்தமும் அந்தக் கம்பியைச் சுற்றி வந்துவிட்டது. எது கிழக்கு, எது மேற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு நேரந்தான் பேசாமல் நிற்பது? தோல் வாங்க அப்பா ஊர் ஊராகப் போய் வருவது தெரிந்த பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“ஆழ்வார்குறிச்சிப் பக்கம் மழ உண்டா?”

“கொஞ்சம் உண்டு அய்யா.”

“ஆறியிரும். தின்னும்வே.”

அப்பா தின்றார். அதே கம்பியின் அடுத்த சீவல் பெரியவர் கைக்குப் போனது. அதைத் தின்று முடித்து, இன்னொன்று கிடைக்குமா என்று அவர் அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டதையும் நான் பார்த்தேன்.

மறுநாளே மேலப்பாளையம் ஓடினேன். லாத்தா மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மழை உண்டா என்ற இடம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார்:

“எல்லாம் சரி. நீ யாரு பக்கத்துல நின்ன?”

அன்றுதான் முதல் முறையாக என்னை நீ என்றார். எனக்காகக் கூடிய கூட்டத்தில், நான் கிணற்றடியில் தனியாக நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தின்னவும் இல்லை. லாத்தா எழுந்து போய், வாழைச்சருகுப் பொதி ஒன்றை எடுத்து வந்தார். முந்தின நாளுடையது, அடுப்போரம் வைத்துச் சூடாக்கியிருந்தார். அதைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார்.

“நானும் போகல. நீயும் போகாத மாதிரிதான். தின்னு.”

தின்றோம். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த ஆண்டுக் கூட்டம் நடந்து முடிந்துவிட்டது. கம்பி இல்லாததால் வழக்கம்போல் இலை போட்டார்கள். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று போயிற்று. அப்பா அதே வேட்டியில் வந்திருந்தார். “எம்மா, எனக்குப் பசிக்கல, நான் பைய நடக்கேன்” என்று சொல்லிவிட்டு, தின்னாமலே வேலியோரமாக நடந்து போனார். அவர் வேப்பமரத்தடியில் ஒரு முறை நின்றதைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல எனக்கு இடமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

துக்கம் கேட்கப் போனபோது அண்ணாச்சி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சு என் பேச்சைவிடத் தணிந்திருந்தது. லாத்தாவின் பெயரை இதழில் எழுதலாமா என்று கேட்டேன்.

“பொம்பள பேரு அச்சுலயா?” என்று தரையைப் பார்த்தார். பிறகு, “எழுதுங்க. அவ பேர இதுவர யாரு கேட்டா?” என்றார்.

அடுத்த ஆண்டாவது கம்பி போடுவீர்களா என்று கேட்டேன்.

“கறி குத்தத் தெரியும் டீச்சர். கேள்வி கேக்க யாரு இருக்கா?”

நான் எழுந்தபோது உள்ளே போய், கதவு மூலையிலிருந்த கம்பியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

“இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. காய்ச்சல்ல பெனாத்துதான்னு நெனச்சேன். டீச்சரம்மா அன்னைக்கே பாத்துட்டாக, ஆனா யாருகிட்டயும் சொல்லலன்னா.”

கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பெரியவர்களும் இதை வாசிப்பீர்கள். ஆம், அந்த வீட்டில் இரண்டு கம்பிகள் இருந்தன. இரண்டாவது கம்பியை அன்று தோளில் சாய்த்துக்கொண்டு, பாளையங்கால் கரையோரமாக, எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்று பார்க்க, நான் தூக்கி வந்தேன். அது என் அறைக் கதவு மூலையில் நிற்கிறது. துவைத்த துணியை அதன்மேல்தான் காயப் போடுகிறேன். அண்ணாச்சி என்றைக்காவது மறுபடியும் நம் கூட்டத்துக்குக் கரி மூட்டுவாரானால், அவரிடம் ஒரு கம்பிதான் இருக்கும்.