கிழமை தெரியாத ஊரில் டியூட்டி மாற்றுவது

டியூட்டி முடிந்த டாக்டர் அடுத்தவரிடம் நோயாளியின் காய்ச்சலை ஒப்படைக்கலாம், நாடியை ஒப்படைக்கலாம். புத்தியை ஒப்படைப்பதுதான் பெரும்பாடு. "கொஞ்சம் குழப்பம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லையே என்று சாப்பாட்டில் கைவைத்தபடி விழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அறுபதுகளில் நெய்வேலி சுரங்க ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தபோது இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

இன்று என்ன கிழமை?

டாக்டர் சந்தானம் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்தார். காய்ச்சலில் கிடந்த சுரங்கத் தொழிலாளி ஆறுமுகத்தைக் காட்டி, "புத்தி தடுமாறுகிறது, கிழமை தெரியவில்லை" என்று என்னிடம் ஒப்படைத்தார். வாரா வாரம் ஷிப்ட் மாறும், ஓய்வு நாளும் ஞாயிறாக இருக்காது. டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குக் கிழமை தெரியாது. நான் ஷிப்டைக் கேட்டேன். இந்த வாரம் எது, அடுத்த வாரம் எது, இவரை மாற்றிவிட வருகிறவர் யார் என்று ஆறுமுகம் கடகடவென்று சொன்னார். பிறகு சந்தானத்தைப் பார்த்தார்.

"கிழமையெல்லாம் ஆபீஸ்காரங்களுக்குங்க. எங்களுக்கு ஷிப்டுதான்."

எந்த ஊர்?

இன்னொரு நோயாளி இல்லாத ஊரைச் சொல்லுகிறார் என்றார் சந்தானம். வரைபடத்தில் தேடியும் பார்த்துவிட்டாராம், பாவம். ஊர் சுரங்கத்துக்குப் போய்விட்டதென்று அவருக்கு யார் சொல்வது? நோயாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊரு இல்லேன்னு யாருங்க சொன்னது? அங்கதான் தோண்டிகினு இருக்கோம்."

அன்றே ஒரு வழக்கம் வைத்தேன். தெளிவு, குழப்பம் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. கட்டில் அருகில் நின்று, கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அப்படியே சொல்ல வேண்டும். சந்தானம் சிரித்தார், ஆனால் செய்தார்.

தொணதொணப்பு

முத்தாண்டிக்குப்பத்து ராஜப்பன் கான்ட்ராக்ட் ஆள். தலையில் அடிபட்டு மதியம் வந்தார். உள்ளே ரத்தம் கசிந்தால் உயிர் போய்விடும். புத்தி மங்குவதுதான் முதல் அடையாளம். அவரோ ஒரு கேள்விக்கு இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டார். எனக்கு எந்த ஊர், என் வீட்டில் என்ன குழம்பு என்றெல்லாம். டியூட்டி மாறும்போது சந்தானத்திடம், "இவர் கேள்வி கேட்பதை நிறுத்தினால் சர்ஜனைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

சாயங்காலம் ராஜப்பன் பேர் சொன்னார், ஊர் சொன்னார், ஷிப்டும் சரியாகச் சொன்னார். எந்தப் பரீட்சையிலும் பாஸ். ஆனால் பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சந்தானம் தயங்கவில்லை, சர்ஜனை வரவழைத்துவிட்டார். மண்டையில் துளை போட்டு, உறைந்த ரத்தத்தை எடுத்தார் சர்ஜன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்.

மறுநாள் காலை நான் ஓட்டமும் நடையுமாக வார்டுக்குப் போனேன். சந்தானம் கட்டில் அருகில் நிமிர்ந்து நின்று ஒப்படைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேர் கேட்டேன், 'ராஜப்பன்'னு சொன்னார். அப்புறம் அவர் கேட்டார், 'உங்களுக்குக் கல்யாணம் ஆயிடிச்சாங்க, பொண்ணு பாக்கட்டுமா'ன்னு."

நோயாளி தொணதொணக்கிறார் என்று இரண்டு டாக்டர்கள் பூரித்துப்போய் நிற்பது எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும்.