வெள்ளைப் பூச்சு நின்ற வருஷம்

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியதும் சீமையிலிருந்து வெள்ளை ஜாடிகள் வருவது நின்றுபோனது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் களிம்பு வைக்க ஜாடி தேவைப்பட்டது. ஊருக்கு வெளியே, அனாதைப் பெண்களுக்கான எங்கள் மிஷன் விடுதியில் சூளையும் மண்பாண்டம் செய்யும் கொட்டகையும் இருந்ததால் எங்களைக் கேட்டார்கள்.

அப்போது எனக்கு இருபது வயது. ஆறு வயதில் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவள். விடுதியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவின் கடிதம் இல்லாமல் யாரும் வெளிவாசலைத் தாண்ட முடியாது. எட்டாம் வகுப்பு முடித்திருந்த நான், அந்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் படிப்புக்குப் போக அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்திருந்தேன்.

மிஸ்ஸியம்மா அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்தார். அவருடைய தமிழ் வேதபுத்தகத்தில் கற்ற தமிழ்.

"மகளே, ஜாடிகளின்மேல் வெள்ளை நிலைக்கட்டும். அப்பொழுது உனக்குக் கடிதம் தருவேன்."

எங்களுக்குக் கிடைத்த மண் கணியம்பாடிப் பக்கத்து ஏரி மண். கடும் சூட்டில் சுட்டால் கல்போல இறுகும், ஒரு சொட்டுக்கூடக் கசியாது. ஆனால் நிறம் எலிச் சாம்பல். வெள்ளைக் களிமண்ணோ ரயிலில் மூட்டையாக வரவேண்டும். ஜாடி முழுவதையும் அதில் செய்யக் கட்டுப்படியாகாது. ஆகவே சாம்பல் ஜாடியின்மேல் வெள்ளைக் களியைக் கரைத்துப் பூசி, அதன்மேல் மெருகு கொடுத்துச் சுட வேண்டும். அந்தப் பூச்சு சரியாக வர எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

முதலில் காயும்போதே வெடித்தது, கோடையில் குளத்தடி வெடிக்கிற மாதிரி. ஜாடி ஏற்கெனவே பாதி காய்ந்து சுருங்கியிருந்தது. மேலே பூசிய ஈரக் களி அதற்குப் பிறகுதான் சுருங்கத் தொடங்கியது. வெள்ளைக் களியில் பாதியை முன்கூட்டியே சுட்டு அரைத்துச் சேர்த்தேன். சுட்ட களி மறுபடி சுருங்காது. வெடிப்பு நின்றது. சூளையைத் திறந்தபோது வேறு கோளாறு. ஜாடி விளிம்பில் விரலை வைத்ததும் வெள்ளைப் பூச்சு முட்டை ஓடுபோல உதிர்ந்தது. களிம்புக்குள் இப்படிச் சில்லு விழுந்தால் யார் புண்ணில் தடவுவது?

ஜாடி ஜாடியாகப் பாழாக்குவதை விட்டுவிட்டு, ஏரி மண்ணைச் சாண் நீளத்துக்கு மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஒரு பக்கம் மட்டும் பூச்சைத் தடவிச் சுட்டேன். பூச்சு அதிகம் சுருங்கினால் பட்டை பூச்சுப் பக்கமாக வளையும். குறைவாகச் சுருங்கினால் எதிர்ப்பக்கம் வளையும். எல்லாம் எதிர்ப்பக்கமே வளைந்தன. பெல்ஸ்பார் என்று ஒரு கல்பொடி உண்டு, சூட்டில் உருகிப் பசைபோலப் பிடிக்கும், பூச்சையும் சுருங்க வைக்கும். அதையும் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லின் பொடியையும் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டினேன். ஒருநாள் காலை சூளையிலிருந்து எடுத்த பட்டையை மேஜைமேல் வைத்தேன். ஆடாமல் தட்டையாகக் கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அடுத்த சூளையில் ஜாடிகள் அனைத்தும் வெள்ளையாக வந்தன. மிஸ்ஸியம்மா ஒன்றைக் கையில் எடுத்து விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அம்மா, கடிதம்..." என்றேன்.

"நீ போனால் இதை யார் கலப்பார்கள்?" என்றார். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டார்.

என்னோடு கல் அரைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவள், கெட்டிக்காரி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவருக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள்.

அளவைச் சொல்ல ஆரம்பித்ததுமே அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாங்க்கா. எங்கிட்ட சொல்லாத."

"இன்னாடி, ரொம்ப சுலபம்தான்."

"சுலபமோ கஷ்டமோ, எனக்குத் தெரிஞ்சுச்சுன்னா அப்புறம் நான் மாட்டிக்குவேன். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. உனக்குப் புண்ணியமாப் போவும், உட்டுடு."

மற்றவர்களும் ஏதேதோ சாக்குச் சொன்னார்கள். எவர் மேலும் குற்றமில்லை. எல்லாருக்கும் ஏதாவது ஒரு கடிதம் வேண்டியிருந்தது.

ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால்தானே ஆபத்து? ஒருநாள் காலை ஜெபம் முடிந்து எல்லாரும் மண் மிதிக்கக் கூடியபோது, கரிக்கட்டியை எடுத்துக் கொட்டகைச் சுவரில் அளவுகள் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதியதை இரண்டு முறை உரக்கப் படித்தேன். யாருக்கும் காதைப் பொத்த நேரமில்லை. மிஸ்ஸியம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லது. மழைக்குப் பின்பு போகலாம்," என்றார்.

அந்த மழையில் ஏரி நிரம்பி, மண் எடுத்த குழி மூழ்கிவிட்டது. வண்டிக்காரர் வேறு கரையிலிருந்து மண் கொண்டுவந்தார். பார்வைக்கு அதே மண்தான். சுவரில் இருந்தபடியே மற்றப் பெண்கள் கலந்து பூசினார்கள். சூளையைத் திறந்தால் பாதி ஜாடிகளில் விளிம்பில் பூச்சு உரிந்திருந்தது.

"பார்த்தாயா, எழுதி வைத்தது போதவில்லை. உன் கண்கள் வேண்டும்," என்றார் மிஸ்ஸியம்மா.

அவர் சொன்னது உண்மைதான். மண் மாறும்போதெல்லாம் பட்டை வெட்டி, சுட்டு, வளைவைப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். எந்த அளவும் நிரந்தரமில்லை என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. இனி எந்த நாளில் வேலை முடிந்தது என்று சொல்வேன்? அதன்பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷம் பட்டை வெட்டினேன். யுத்தம் முடிந்தது. பிறகும் ஆஸ்பத்திரி எங்கள் ஜாடியையே கேட்டது. அந்தக் கல்யாணப் பெண் கைக்குழந்தையோடு எங்களைப் பார்க்க வந்து போனாள்.

பிறகு மிஸ்ஸியம்மா உடம்பு சரியில்லாமல் ஆறு மாத ஓய்வுக்குச் சீமைக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்த இளவயது அம்மாவுக்கு மண்ணும் தெரியாது, பூச்சும் தெரியாது. இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது என் பழைய மனுவைக் கண்டெடுத்து, என்னைக் கூப்பிட்டார்.

"இதற்கு ஏன் பதில் தரப்படவில்லை?"

"தெரியலம்மா."

பேனாவை மையில் தொட்டு அங்கேயே அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உலர்த்தித் தரும்வரை இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் ஜட்காவில் ஏறினேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது ஆத்திரம். அந்த இரண்டு நிமிஷத்துக்காகவா இத்தனை வருஷம்? பாலாற்றுப் பாலம் வரை அழுகை நிற்கவில்லை. ஜட்காக்கார பாய் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வூட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்ல பாய். நர்ஸுக்குப் படிக்கப் போறேன்."

"நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் அழுவுற?"

சொல்ல முயன்றேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவர் குதிரையைத் தட்டிவிட்டார்.