கடைசிப் பத்து நிமிடம்

"இன்னிக்கு என்னையவா அக்கா பாக்கறீங்க?" என்று கேட்டபடியே சபரீஷ் ஹாக்கி மட்டையோடு களத்துக்குள் ஓடுகிறான். மாலை ஆட்டத்தில் ஒரு நாளைக்கு ஒருவனை மட்டுமே காமிலா பார்ப்பாள். யாரை என்று ஆட்டம் முடியும்வரை சொல்லமாட்டாள். அதனால் பதினோரு பேரும் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து ஒழுங்காக ஆடுகிறார்கள்.

கோல் விழுந்தால் அவள் கைதட்டுவதில்லை. "கோலு எல்லாரு கண்ணுக்குந்தான் தெரியுது. அதுக்கு நான் எதுக்குங்க?" பந்து யார் மட்டையிலிருந்து பறிபோகிறது என்பதுதான் அவள் கணக்கு.

சேலத்தில் புள்ளியியல் படித்தவள். காளப்பநாயக்கன்பட்டியில் கணவன் சிராஜுதீனோடு மிளகு வியாபாரம். மலையிலிருந்து இறங்கும் மூட்டையின் வாயை அவிழ்த்துக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். குத்தூசியை நடுவிலும் அடியிலும் செருகி உருவி, உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பாள். "மேல எல்லாருமே நல்லதத்தானுங்க போடறாங்க" என்பாள். விற்க வந்தவரும் சிரித்துவிடுவார்.

சிராஜுதீன்தான் ஊர் ஹாக்கி அணியின் கேப்டன்; நடுக்களத்தில் ஆடுபவன். சேந்தமங்கலம் போட்டியில் வருடா வருடம் முதல் சுற்றிலேயே, அதுவும் முடியப்போகிற நேரத்தில் தோற்றுத் திரும்பும் அணி அது. தொண்ணூற்றொன்பதில் பெயர் கொடுக்கும்போது, மேனேஜர் என்ற இடத்தில் மனைவி பெயரைச் சும்மா எழுதிவைத்தான். அவள் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில், பந்தை அதிகம் தொலைப்பவன் சபரீஷ் என்று கண்டு அவனை அணியிலிருந்து நிறுத்தச் சொன்னாள். அவன் விடவில்லை. "எல்லாரும் எனக்குத்தானுங்க பந்தைத் தள்றாங்க. ஆறுமுகசாமிக்குப் பந்தே வர்றதில்ல. அவன் எதைத் தொலைப்பான்?"

"என்னைய எதுக்குடா இழுக்கற?" என்றான் ஆறுமுகசாமி.

காமிலா கொஞ்சம் யோசித்தாள். "நீ சொல்றது செரி கண்ணு. எண்ணுனது தப்பு."

மறுநாளிலிருந்து, பத்துத் தடவை பந்து கிடைத்தால் எத்தனை தடவை போகிறது என்று எண்ணினாள். ஆட்டத்தின் தொடக்கம், நடு, கடைசி என்று தனித்தனியாக எண்ணினாள். சபரீஷ் தப்பினான். சிக்கியது அவள் கணவன். தொடக்கத்தில் பத்துக்கு ஒன்று தொலைப்பவன், கடைசிப் பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் தொலைத்தான். நம்பமுடியாமல் ஒரு வாரம் முழுக்க அவனையே பார்த்தாள். கணக்கு மாறவில்லை.

சோறு போடும்போது சொன்னாள்: "கடைசிப் பத்து நிமிசம் நீங்க வெளிய வந்துருங்க. கருப்பண்ணன் எறங்கட்டும்." அணியின் மாற்று ஆட்டக்காரன் கருப்பண்ணன், மலைமேல் குண்டூர் நாட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன், ஆட்டத்துக்காகவே பஸ் ஏறி வருகிறவன்.

"கேப்டனைப் பொண்டாட்டி வெளிய கூப்புட்டாள்னு ஊரே பேசாதா?"

"பேசட்டுங்க. போன வருசம் தோத்து வந்தப்ப மட்டும் பேசாமயா இருந்தாங்க?"

அவன் கை கழுவ எழுந்தான்.

சேந்தமங்கலத்தில் முதல் சுற்று. ஒன்றுக்கு ஒன்று. பத்து நிமிடம் பாக்கி. காமிலா எழுந்து கையைத் தூக்கினாள். சிராஜுதீன் பார்க்காததுபோல ஓடிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க பாய், ஊட்ல கூப்புடறாங்க" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையை இறக்கவில்லை. பந்து கோட்டைத் தாண்டிப் போனபோது அவன் வெளியே வந்தான். கருப்பண்ணன் உள்ளே ஓடினான். காமிலா உட்கார்ந்தாள்.

சிராஜுதீன் உட்காரவில்லை. கோட்டோரம் நின்று மூச்சு வாங்கினான். முதலில் கிடைத்த பந்தையே கருப்பண்ணன் பறிகொடுத்தான்.

"பாத்தியா?" சிராஜுதீன் திரும்பினான். "என்னைய உள்ள உடு காமிலா. எனக்கு இன்னும் தெம்பு இருக்குது."

அவள் களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.