ஆல்டரேஷன் அக்கா கேட்கும் கேள்வி

“என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே தையல் கடையின் ஆல்டரேஷன் அக்கா துணிக்குக் கை நீட்டுகிறார். எதிரே நிற்கும் இளைஞர் பேன்ட்டைப் பையிலிருந்து எடுக்கவே கூச்சப்படுகிறார். “உக்காந்தேன்க்கா. அவ்வளவுதான்.” அக்கா சிரிக்கவில்லை. கிழிசலுக்குள் இரண்டு விரலை விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். “நூல் இத்துப்போயிருக்கு தம்பி. உங்க மேல தப்பில்ல.”

பக்கத்து மேசையில் கட்டிங் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. “ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க, நீ தப்பிச்ச! முன்னெல்லாம் கிழிஞ்ச துணியோட இவங்ககிட்ட வந்தா, வந்தவன் தோலும் சேர்ந்து கிழியும்.”

மாஸ்டர் மிகைப்படுத்தவில்லை. “என்ன பண்ணித் தொலைச்சீங்க?” என்பதுதான் அந்தக் கடையில் அக்காவின் பழைய வரவேற்பு. ஜிப் தெறித்து வந்தவரிடம், “வாயைக் கட்டுங்க, ஜிப் தானா நிக்கும்” என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கை சுத்தம், வாய் காரம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த துணியோடும் அவரிடமே வந்தார்கள். அதையே வீட்டில் கேட்கும் வரை, அந்தக் கேள்வியால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

மகள் எட்டாவது படிக்கிறாள். ஒரு மாலையில் போனும் கையுமாக அடுப்படிக்கு வந்து நின்றாள். “அம்மா, கேம்ல ஒருத்தன்...” என்று ஆரம்பித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்கா கேட்டார்: “என்ன பண்ணித் தொலைச்ச?” வெடுக்கென்று போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகியபோது, பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்டதாகவே நினைத்தார்.

பூட்டப்பட்டது போன் மட்டும்தான். தன்னையும் எட்டாவது படிக்கிறவன் என்று சொல்லிப் பழகியவன் வளர்ந்த ஆள். சிறுமி நம்பி அனுப்பிய ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இன்னும் படங்கள் வேண்டும், இல்லையென்றால் பள்ளி முழுக்கப் பரப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான். பதில் வராமல் போகவே, அவளுடைய தோழிகளின் எண்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வழியாக மிரட்டலைத் தொடர்ந்திருக்கிறான். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். பள்ளிக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி என்றாள். “போன் இல்லாத ஏக்கம். போகப் போகச் சரியாயிடும்” என்று கடையில் சொல்லிக்கொண்டே அக்கா பட்டன் தைத்தார்.

விஷயம் ஆசிரியை வழியாகத்தான் வீடு வந்தது. புகார் கொடுத்தார்கள். ஆளும் அகப்பட்டான். விசாரித்த பெண் அதிகாரி நல்ல மாதிரிதான். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுக் கேட்டார். “பொண்ணு மொதல்ல உங்ககிட்டதான் சொல்ல வந்திருக்கா. நீங்க என்னம்மா சொன்னீங்க?” அக்கா மகள் பக்கம் திரும்பினார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, “அம்மா வேலையா இருந்தாங்க” என்றாள். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

இப்போது அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. போன் மகளிடமே திரும்பிவிட்டது. தெரியாதவர்கள் யாரும் செய்தி அனுப்ப முடியாதபடி சித்தி, அதாவது அக்காவின் தங்கை, சொல்லிக்கொடுக்க, மகளே தன் கையால் செட்டிங்கை மாற்றி வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் அலமாரி மேல், அக்காவின் போனும்தான். படுக்கையறைக்குள் எந்தப் போனும் போகாது. அக்கா தினமும் தட்டை வைத்துவிட்டு, குரலைப் பஞ்சு மாதிரி ஆக்கிக்கொண்டு கேட்கிறார்: “இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா.”

மரியாதையான பதில். முன்பெல்லாம் நாய் குரைத்ததிலிருந்து பென்சில் தொலைந்தது வரை, நிறுத்து என்றாலும் நிறுத்தாமல் பேசிய பிள்ளை. “அவளா சொல்லும்போது சொல்லட்டும்க்கா, நீ நோண்டாத” என்கிறாள் தங்கை. அக்கா தலையாட்டுகிறார். கடைக்கு வந்து, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் “என்ன ஆச்சு?” என்று கேட்டுக் கேட்டு, நாக்கைப் பழக்குகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து அலமாரியிலிருந்து போனை எடுத்த மகளின் முகம் சட்டென்று வெளுத்தது. அக்கா எச்சில் தட்டோடு அப்படியே நின்றார். மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. விறுவிறுவென்று சித்தி இருந்த உள் அறைக்குப் போனாள்.

“சித்தி, புதுசா ஒருத்தன் கிளாஸ் குரூப்ல வந்து என் பேரைச் சொல்லிக் கேக்குறான். நீ கொஞ்சம் பாரேன்.”

“வா, இப்படி உக்காரு. நல்ல வேளை, உடனே வந்து சொன்ன.”

அக்கா தட்டைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, அந்த அறை வாசல் வரை போய்விட்டார். நிழல் விழுந்ததும் மகள் பேச்சை நிறுத்தினாள். போன் மடிக்குள் போனது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அக்கா கதவின் கைப்பிடியைப் பிடித்தார். சத்தம் வராமல், மெல்லத் தன் பக்கமாக இழுத்துச் சாத்தினார்.