பின்னறைத் தாழ்ப்பாள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. கடிதம் எழுதத்தான் தெரியும். தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது... இவ்வளவுதான் என் எழுத்து. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. ஒரு கூடம், சமையலறை, பின்னறை. அதில் ஒரு தம்பதியைக் குடி வைத்திருந்தேன். கணவர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். மதியம் இரண்டு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் திரும்புவார். மனைவி தையல்காரம்மா. பின்னறையில் மிஷினைப் போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு தைப்பார். ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

எந்தக் குறையானாலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் சட்டம். வாயால் சொன்னால் பின்னால் நீ சொன்னாய், நான் சொல்லவில்லை என்று ஆகிவிடும். மார்ச் நான்காம் தேதி முதல் கடிதம் வந்தது. 'இன்று மாலை 4.20க்குப் பின்னறையின் உள்தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது. சரிசெய்து தரவும்.' எப்படிப் பெயர்ந்தது என்று ஒரு வரி இல்லை. மணியை மட்டும் எதற்கு எழுத வேண்டும்? அப்போதே உறுத்தியது.

தானாகத் தேய்ந்து கெட்டுப்போனால் செலவு என்னுடையது. குடியிருக்கிறவர்கள் உடைத்தால் அவர்களுடையது. எது என்று பார்க்கத் தச்சரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தச்சர் கதவு நிலையைத் தடவிப் பார்த்தார்.

"இது தேஞ்சு விழுந்ததில்ல சார். வெளியில நின்னு தோள் குடுத்து இடிச்சிருக்காங்க. ஸ்க்ரூ மரத்தோட பிச்சுக்கிட்டு வந்திருக்கு."

"யாரும்மா இடிச்சது?" என்றேன்.

தையல்காரம்மா துணியிலிருந்து நிமிரவில்லை. "தெரியல சார்."

"வீட்ல நீங்க ரெண்டே பேர். உள்ள நீங்க. அப்ப வெளியில?"

தச்சர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "விடுங்க சார். புருஷன் பொண்டாட்டி விவகாரம். நாம தலையக் குடுத்தா நம்ம தலைதான் உருளும்."

எனக்கும் அதே சந்தேகம்தான். 'மேற்படி சேதம் தங்களால் ஏற்பட்டது. தங்கள் பொறுப்பில் சரிசெய்துகொள்ளவும்' என்று பதில் எழுதினேன். அவர்களே புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள். பதினெட்டாம் தேதி அதுவும் பெயர்ந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி மூன்றாவது. மூன்று கடிதங்களிலும் ஒரே நேரம். 4.20.

அச்சகத்துக்குப் போய் மேஸ்திரியிடம் நைசாக விசாரித்தேன். நான்கு மணிக்கு டீ குடிக்க அரை மணி நேரம் விடுவார்களாம். அங்கிருந்து வீட்டுக்கு சைக்கிளில் பத்து நிமிடம். கணக்கு சரியாக இருந்தது.

அந்த அம்மாவுக்கு வெளியூரில் ஒரு அண்ணன் உண்டு. 'உங்கள் தங்கை உயிருக்குப் பயந்து அறைக்குள் தாழிட்டுக்கொள்கிறார். வந்து அழைத்துப் போகவும். வீட்டையும் காலி செய்யவும்' என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபாலில் போடுவதற்கு முன் தையல்காரம்மாவிடம் சொன்னேன்.

"வேண்டாம் சார். அண்ணன் வந்தா ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு. என் குடும்பமே போயிடும். என் வீட்டுக்காரர் ஒரு தப்பும் பண்ணல."

"அப்ப யாரு பண்ணினா?"

என்னையே பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் தவணை கொடுத்தேன். ஒன்பதாம் தேதி நானே பின்னறையில் உட்கார்ந்து ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஏற்பாடு. காலையில் தச்சர் கனமான தாழ்ப்பாளாகப் போட்டுக் கொடுத்தார். நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் விரல் நீளம். தையல்காரம்மா மதியமே வெளியே போய்விட்டார். 3.50க்கு என்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போனேன். வாசல் கதவை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். பின்னறைக்குள் போய்த் தாழிட்டேன். உள்ளே ஆள் இருப்பதாகத் தெரிய வேண்டுமே... ஸ்டூலில் உட்கார்ந்து தையல் மிஷினை அவ்வப்போது மிதித்தேன். டக டக டக. என் வயதுக்கு நல்ல வேலைதான்.

4.10. வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் நின்றது.

4.17. வாசல் பூட்டில் சாவி நுழைந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மாட்டினான் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு காலடி. இளவட்டத்தின் நடை இல்லை. வலது கால் லேசாகத் தரையைத் தேய்த்தது. சர்ர்... தொப். சர்ர்... தொப்.

இந்த நடையை எங்கோ கேட்டிருக்கிறேன்.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 4.20.

டொக். டொக்.

"அம்மா... கதவைத் திறம்மா. சேதம் எவ்வளவுன்னு பார்க்கணும்."

அச்சகக்காரர் குரல் இல்லை. வயதான குரல். தன் குரல் தனக்கு உடனே அடையாளம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. அது தொண்டையைச் செருமியபோதுதான்...

என் செருமல் அது.

கால் தானாக மிதியை அழுத்தியது. டக டக.

"உள்ளதான் இருக்க. எனக்குத் தெரியும்."

"யாரு?" என்றேன்.



பிறகு அது கேட்டது.

"யாரு உள்ள?"

தொம்.

நிலையிலிருந்து மரத்தூள் கொட்டியது.

தொம்.

ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்தேன். மறுபக்கம் மூச்சு வாங்கியது. நான் வாங்கும்போதே அதுவும் வாங்கியது.

ஒரு ஸ்க்ரூ விழுந்தது.

இரண்டு.

மூன்று...

கதவு திறந்தது.

யாரும் இல்லை.

வாசல் கதவு நான் பூட்டியபடியே பூட்டியிருந்தது. 4.24.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குத் தம்பதி சேர்ந்து வந்தார்கள். கணவர் அன்று வேலைக்கே போகவில்லையாம். மதியத்திலிருந்து மனைவியோடு, மனைவியின் தோழி வீட்டில் இருந்திருக்கிறார். பெயர்ந்த தாழ்ப்பாளைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க உள்ளயா இருந்தீங்க?" என்றார் கணவர்.

"உள்ளதான்."

தையல்காரம்மா கீழே கிடந்த ஸ்க்ரூவைப் பொறுக்கினார். "மூணு தடவையும் உங்க குரல் சார். நீங்கதான் சாவி போட்டு வர்றீங்கன்னு நினைச்சோம். வெளியில சொன்னா யார் நம்புவாங்க? மணியோட எழுதி வை, போலீசுக்குப் போனா காட்டலாம்னு இவர்தான் சொன்னாரு."

நான் அவர்மேல் சந்தேகப்பட்ட ஒரு மாதமும் அவர்கள் என்மேல் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு எழுதிய உறையை அவர்கள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். 'மேற்படி சேதம் தங்களால் ஏற்பட்டதல்ல' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மாதக் கடைசியில் காலி செய்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். அந்த மட்டில் நிம்மதி.

அதற்குப் பிறகு ஒரு நாள் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மார்ச் மாசம் மத்தியானம் தூங்கறப்போ 'கதவைத் திறம்மா'ன்னு புலம்புவீங்க. பதினெட்டாம் தேதி, கண் ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில மயக்கத்துல கிடந்தப்பவும் அதேதான். நர்ஸ்கூட சிரிச்சாங்க. மனசு சங்கடப்படுமேன்னு சொல்லல."

"சரி. ஆனா ஏப்ரல் ஒன்பதாம் தேதி நான் தூங்கலயே. முழிச்சுக்கிட்டு அந்த வீட்லதானே இருந்தேன்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்ன பேசறீங்க? அன்னைக்கு நீங்க வெளியிலயே போகலயே. மூணரைக்கு இந்தக் கட்டில்ல படுத்தீங்க. நடுவுல 'யாரு உள்ள'ன்னு ஒரு சத்தம் போட்டீங்க. ஏழு மணிக்கு நான்தான் தட்டி எழுப்பினேன்."