பட்டியலில் பன்னிரண்டு ராசாக்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சோறு தின்னும்போதுகூட ஒரு கண் வாசலில் இருக்கும். அவர் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இன்னும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். என்ன செய்ய, பழகிப்போன காது.

அக்கா திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாகப் பம்பாய்த் தாராவிக்கு வந்தவர். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். அவர் திடீரென்று போனபோது அக்காவுக்குப் பதினாறு, எனக்குப் பதினான்கு. அம்மா வடை சுட்டு விற்றார். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அக்கா மட்டும் படித்தார். எனக்கு அதில் பொறாமை இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

அறுபதுகளின் நடுவில் அக்கா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். கல்வியின் சமூக, வரலாற்று, சட்ட அடிப்படைகள் என்று ஒரு பாடம். கூடப் படித்தவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போனார்கள். அக்காவை அது இருப்புக் கொள்ளாமல் அடித்தது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுக்குள், பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அதில் படித்தார். நோட்டை என் மெஷின் மேல் வீசினார்.

"பத்து வருசம் எப்பவோ முடிஞ்சு போச்சேட்டீ! நம்ம சந்துப் பிள்ளைக தோல் காயப்போட்ட இடத்துல காக்கா வெரட்டிக்கிட்டு நிக்கி. இத யாருகிட்டப் போய்க் கேக்க?"

"பரீட்சைக்கு எழுதி மார்க்க வாங்குவியா, அத விட்டுட்டு," என்றேன்.

அவர் கேட்கவில்லை. மறுநாளே பக்கத்திலிருந்த நகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் நின்றார். முதல் வகுப்புக்குப் போகும் வயதில் நாற்பது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கொண்டுவந்தால், ஜூனில் தமிழில் இன்னொரு பிரிவு திறக்க எழுதிப் போடுவதாக அவர் சொன்னார். அக்கா வீடு வீடாக ஏறினார். ஆண்களெல்லாம் ஷெட்டில் இருக்கும் மதிய நேரம். பெண்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் மேசையில் வைத்தார்.

மாட்டுங்காவிலிருந்து வருபவர் அந்தத் தலைமையாசிரியர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் அல்ல. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னம்மா இது? ஒரே சந்துல பன்னெண்டு ராசா, எட்டு பெரியவன், ஆறு அய்யா! வீட்ல உக்காந்து எழுதிண்டு வந்துட்டியா?"

அக்கா அழுதுகொண்டு வந்தார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். பட்டியலை வாங்கிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பெற்றவளே பிள்ளையை ராசா என்பாள், பெரியவன் என்பாள். வீட்டில் அதுவே நிலைத்துவிடும்.

"ஏக்கா, நம்ம அம்மா என்னைக்காவது தாத்தா பேரச் சொல்லிக் கேட்டிருக்கியா? இது தெரியாம நீ என்ன சமூக அடிப்படை படிச்ச?"

"என்னச் செருப்பாலதான் அடிக்கணும்," என்று அக்கா முகத்தைத் துடைத்தார்.

விடிந்ததும் குழாயடிக்குப் போனார். "நீங்க யாரும் உங்க பிள்ள பேரச் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி பிள்ள பேரச் சொன்னாப் போதும்!" குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, ஒருத்தி பிள்ளையின் பெயரை இன்னொருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு. நாற்பத்து மூன்று பெயர்கள் சேர்ந்தன. பிரிவும் திறந்தது.

இத்தோடு முடிந்ததென்றுதான் அக்கா நினைத்தார். முதல் நாள், தலைமையாசிரியரே வந்து பெயர் வாசித்தார். பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "இசக்கிமுத்து!" யாரும் எழவில்லை. "சுடலைமுத்து!" ஆள் இல்லை. அடுத்த பெயருக்கும் அப்படியே. வீட்டில் ஒரு நாளும் கேட்காத பெயருக்குப் பிள்ளை எப்படி எழுந்திருக்கும்? பெயர்களைச் சேர்த்த அக்கா, பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவைக்க மறந்துபோனார்.

தலைமையாசிரியர் பதிவேட்டை மூடினார். "பட்டியல்ல இருக்கறவா வேற, வந்திருக்கறவா வேற. இத எப்படிம்மா நான் மேல அனுப்பறது?"

கதவோரம் நின்றிருந்த அக்கா பதிவேட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, வராந்தாவில் நின்ற தாய்மாரைப் பார்த்தார். முன்னால் நின்ற பெண் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். அவளுடைய மாமனார் அப்போது உயிரோடு இருந்தார், அதே சந்தில், அதே வீட்டில். அவள் முந்தானையை எடுத்தாள்.

"ஏலே இசக்கிமுத்து! ஒன்னத்தாம்ல கூப்பிடுதாவ, எந்தில!"

அவளுடைய ராசா திகைத்துப்போய் எழுந்து நின்றான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார்.

அக்கா பிறகு சுனாபட்டியிலும் விக்ரோலியிலும் ஆசிரியராக வேலை பார்த்தார். அத்தானோடு செம்பூரில் குடியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் ஜூன் வந்தால் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்கச் சந்து சந்தாக ஏறி இறங்குவார். "ஒரு எடத்துல இருக்க மாட்டியா?" என்று அத்தான் சத்தம் போடுவார். கடைசி மூன்று வாரம்தான் கட்டிலில் இருந்தார், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே.

மருத்துவமனையில் இரவு பகல் பார்க்காமல் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், பத்தாம் நாள் காரியம் வரை கூட நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் நன்றி. இன்னொருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு மூச்சு அடங்கிய அன்று, மருத்துவமனை கவுன்டரில் படிவம் எழுதியவர் "பேஷண்ட் கா நாம்?" என்று இந்தியில் அக்காவின் பெயரைக் கேட்டார். பிறந்ததிலிருந்து அக்கா என்றே கூப்பிட்ட வாய். எனக்கு நாக்கு எழவில்லை. "அக்கா, அக்கா" என்றே சொல்லிக்கொண்டு நின்றேன். என் பின்னால் நரைத்த தலையோடு ஒருவர் தேநீர் பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர்தான் முன்னால் வந்து, அக்காவின் பெயரை இனிஷியலோடு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவர் இசக்கிமுத்து.

இந்தக் கட்டுரையிலும் நான் அந்தப் பெயரை எழுதவில்லை. முகப்பில் படத்தின் கீழே இருக்கிறது. மலரை மூடும் முன் ஒரு தடவை அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நானும் தினமும் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் நின்றுவிடுகிறது.