மண்டபத்து வாசலில் நத்தைக்குத்தி நாரை

குடவாசல் பக்கம் கேட், கிரில் வேண்டுமென்றால் புகழேந்தி பட்டறைக்குத்தான் போவார்கள். அங்கே முகமூடி போட்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கும் ஆளிடம், "அண்ணே, நம்ம கேட் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டு, முகமூடி நிமிர்ந்ததும் அசடு வழிந்தவர்கள் பலர். முகமூடிக்குள் இருப்பது புகழேந்தியின் மனைவி அம்சவல்லி.

நடவுக்குப் போய் அம்மா படிக்கவைத்த பெண். கும்பகோணத்தில் சிற்பம் படித்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் டிராயிங் டீச்சராக இருந்தாள். சுண்ணாம்புக்கட்டி அவளுக்கு ஒத்துவரவில்லை. கல்யாணமானதும் கணவனிடம் வெல்டிங் கற்றுக்கொண்டு, மிச்சம் விழுந்த துண்டுகளில் நண்டு, தவளை என்று செய்ய ஆரம்பித்தாள்.

அந்தத் தவளையைத்தான் லியாகத் அலி பார்த்தார். புதிதாகக் கட்டும் கல்யாண மண்டபத்துக்கு கேட் சொல்ல வந்தவர்.

"வாசல்ல வைக்க ஆள் உயரத்துக்கு ஒரு மயில் செய்வியாம்மா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல, பளபளன்னு."

"மயில் எல்லா மண்டபத்துலயும் நிக்குது பாய். உங்களுக்கு எதிர்வயல்ல நத்தைக்குத்தி நாரை கூட்டமா மேயுது. அதைச் செய்யவா?"

"கல்யாண மண்டபத்துக்கு நாரையா?" சற்று யோசித்தார். "சரி, செய். ஆனா பாக்கறவங்க மூஞ்சி தெரியணும் அதுல."

முதலில் கம்பியை வளைத்து எலும்புக்கூடு. அதன்மேல், மணல் மூட்டையில் வைத்துத் தட்டி வளைத்த தகடுகள். இறகுகளை ஒவ்வொன்றாக வெட்டி மீன்செதில் மாதிரி அடுக்கினாள். இடது இறக்கை வெல்டிங் சூட்டில் கோணிக்கொண்டு, அடிபட்ட கோழி போல் தொங்கியது. முழுதாக அறுத்துப் போட்டுவிட்டு, இந்த முறை இங்கொன்றும் அங்கொன்றுமாக வெல்டிங் பொட்டு வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினாள். நின்றது.

அலகைப் பார்த்த புகழேந்தி கிரைண்டரை எடுத்துக்கொண்டு வந்தான். "அம்சா, நடுவுல இடைவெளி விட்டுட்டியே. அடைச்சிடவா?"

"ஐயோ, வேணாங்க. அந்தப் பறவைக்கு அலகே அப்படித்தான். மூடினாலும் நடுவுல சந்து இருக்கும்."

அதன் பிறகு பாலிஷ். இருவரும் மாறி மாறி பஃபிங் வீல் பிடித்தார்கள். கடைசியில் தகடு கண்ணாடியாகிவிட்டது. வெளியே தூக்கி நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மைனா வந்து, நாரையின் வயிற்றில் தெரிந்த இன்னொரு மைனாவோடு சண்டைக்கு நின்றது. ரோட்டில் போன டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி, "கண்ணு கூசுது தங்கச்சி, கோணியாவது போட்டு மூடுங்க" என்றார்.

அம்சவல்லி அன்று முழுக்க நாரையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வானம் தெரிந்தது, பட்டறை தெரிந்தது, அவள் தெரிந்தாள். நாரை மட்டும் தெரியவில்லை. செதில் செதிலாக அடுக்கிய இறகெல்லாம் வெளிச்சத்தில் காணாமல் போயிருந்தன.

பாய்க்கு போன் போட்டாள். வந்தார். ஆசையாக வயிற்றருகே குனிந்து முகம் பார்த்தார். நிமிர்ந்து தாடியைத் தடவிக்கொண்டார்.

"என்னம்மா, பரங்கிக்காய் மாதிரி இருக்கேன்?"

"வளைஞ்ச தகடுல அப்படித்தான் தெரியும் பாய். கல்யாணப் பொண்ணுக்கும் இதேதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப பளபளப்பு வேணாம். உனக்கு எது சரின்னு படுதோ செய்."

பாலிஷ் போட்டுக் கை மரத்துப்போயிருந்த புகழேந்தி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, எமரி பேப்பர் வாங்க சைக்கிளை எடுத்தான். இறகு போகும் திசையிலேயே இழுத்து இழுத்துத் தேய்த்தார்கள். கண்ணாடி மங்க மங்க நாரை வெளியே வந்தது. மழையில் நனைந்து வந்து நிற்பது போல ஒரு சாம்பல் வெள்ளை. அம்சவல்லி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதுங்க" என்றாள்.

மண்டபத் திறப்பு நாளில் நாரையோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. சமையல்கட்டிலிருந்து வந்த பிரியாணி மாஸ்டர் அதன் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுவாசலுக்கு ஒரு விரால் மீன் செய்து தர முடியுமா என்று கேட்டார். மீசையோடா, மீசையில்லாமலா என்று அம்சவல்லி கேட்க, விராலுக்கு ஏதம்மா மீசை, அது கெளுத்திக்கு என்று அவர் திருத்தினார். இலை போட்டுவிட்டார்கள் என்று புகழேந்தி உள்ளேயிருந்து கூப்பிட்டான்.